பழைய காரும் புதிய உதிரிப் பாகமும்

நம் சங்க மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டனர். சிலம்பைப் பற்றியும் குறளைப் பற்றியும் எழுத வல்ல நண்பர்கள் நம்மிடையே பலர் உளர். நான் பொறியியல் மாணவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் கிரீஸ் படிய உழைப்பவன். ஆகவே நான் ஓரளவு அறிந்த துறையிலேயே ஒரு சிறு பாடம் எழுதத் துணிந்தேன். பழைய மோட்டார் கார்களுக்கென்று கடைகளில் விற்கும் மாற்று உதிரிப் பாகங்களின் தரத்தை அறிவது எப்படி என்பதே பொருள். 'விடுதிக் கட்டணம் கட்டவே விழி பிதுங்குகின்றது. நமக்கு ஏதையா கார்?' என்று சிலர் நகைக்கக் கூடும். எனக்கும் கார் கிடையாது. கார் இல்லாத நானே ஒரு பாகத்தைத் தவறாகத் தேர்ந்து, பிறர் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற வங்கப் பேராசிரியர் ஒருவர் வளாகத்தை அடுத்த தெருவில் குடியிருக்கிறார். 1964ஆம் ஆண்டில் அவருடைய தந்தையார் வாங்கிய அம்பாசிடர் கார் ஒன்று அவரிடம் உண்டு. கொல்கத்தாவுக்கு அருகே, ஊக்ளி ஆற்றின் மேலைக் கரையிலுள்ள உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் பிறந்த வண்டி. 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் காக்கப்பட்ட வண்டிகளைத் தனி வகையாகப் பதிவு செய்ய 2021ஆம் ஆண்டில் மைய அரசு விதி வகுத்தது. அதைக் கேட்டதிலிருந்து பேராசிரியருக்குப் புதிய ஊக்கம் பிறந்துவிட்டது. வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். நானும் நண்பர் இருவரும் வாரந்தோறும் சென்று உதவினோம். பாகங்களுக்குப் பணம் அவருடையது, தேர்வு எங்களுடையது.

சென்ற ஆண்டு பூசை விடுமுறைக்குச் சற்று முன்பு, முன் இடச் சக்கரத்தில் பிரேக் எண்ணெய் கசியக் கண்டோம். சக்கரத்துச் சிலிண்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் கப்புகள் தேய்ந்திருந்தன. கொல்கத்தாவில் மல்லிக் பஜார் என்றொரு கடைவீதி உண்டு. நம் சென்னைப் புதுப்பேட்டையைக் கண்டவர்க்கு அதை விளக்க வேண்டியதில்லை. அங்கே ஒரு கடையில் இரண்டு விதக் கிட்டுகளைக் காட்டினர். ஒன்று மங்கிய தாளில் சுற்றியது, விலை அதிகம். மற்றது பளபளப்பான வண்ணப் பெட்டியில் இருந்தது, விலை மூன்றில் ஒரு பங்கு. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒரே கருமை, ஒரே வடிவம், ஒரே அளவு. மலிவானதை வாங்கினேன். எங்களுடன் வந்த முதிய மிஸ்திரி, 'இந்த மலிவுச் சரக்கு எனக்குப் பிடிபடவில்லை' என்று இந்தியில் முணுமுணுத்தார். காரணம் கேட்டேன், சொல்லத் தெரியவில்லை. காரணம் சொல்ல இயலாதவரின் சொல்லை முதுகலை மாணவன் மதிப்பானா? பேராசிரியரிடம் இவ்வளவு ரூபாய் மிச்சம் பிடித்தேன் என்று பெருமையும் பேசிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கடந்ததும் வண்டி பிரேக் போடும்பொழுது இடப்பக்கம் இழுத்தது. சக்கரத்தைத் தொட்டால் சுட்டது. 'புதிய ரப்பர், படியட்டும்' என்று விட்டேன். மூன்றாம் வாரம் பேராசிரியர் தம் பேத்தியைத் தேர்வுக்கு அழைத்துச் சென்றார். நானும் உடன் சென்றேன். மேம்பாலத்திலிருந்து இறங்கும் சரிவில் அவர் பிரேக்கை மிதித்தார். மிதிகட்டை தரையைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. அக்காலத்து வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் வழி ஒன்றே. ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நான்கும் பயனற்றுப் போகும். பேராசிரியர் பதறவில்லை. கியரைக் குறைத்து, பின் சக்கரங்களைக் கம்பியால் பற்றும் கைப் பிரேக்கைப் பையப் பைய இழுத்து, நடைபாதை ஓரக் கல்லில் சக்கரத்தை உரசவிட்டு நிறுத்தினார். பின்னிருக்கையில் அந்தப் பெண் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி இருந்தாள். யாருக்கும் காயமில்லை. அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறன்று, வாய்மொழித் தேர்வில் கேட்பதுபோல், 'காரணம் என்ன?' என்று மட்டும் கேட்டார். கடிந்திருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.

காரணத்தைத் தேடினோம். சக்கரத்தைப் பிரித்துப் பார்த்தால், புதிய கப்புகள் ஊறிய கடலைபோல் பருத்து, கொழகொழவென்று மென்மையடைந்து, விளிம்பு கிழிந்து கிடந்தன. பருத்ததனால் அவை சிலிண்டருக்குள் இறுகிப் பிரேக்கை விடுவிக்க மறுத்தன. அதனால்தான் வண்டி ஒரு பக்கம் இழுத்தது, சக்கரம் சுட்டது. சூட்டில் மேலும் மெலிந்து கிழிந்தன. முதலில் எண்ணெயின்மீதே ஐயம் கொண்டேன். பிரேக் எண்ணெயில் தப்பித் தவறி எஞ்சின் எண்ணெய் கலந்தாலும் ரப்பர் இங்ஙனம் பருக்கும். ஆனால் அதே எண்ணெய்தான் மற்ற மூன்று சக்கரங்களிலும் ஓடியது. அங்கிருந்த பழைய கப்புகளைக் கழற்றிப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. ஆகவே எண்ணெய் குற்றமற்றது, புதிய ரப்பரே குற்றவாளி என்பது தெளிவாயிற்று.

ரப்பர் என்பது ஒரே பொருளின் பெயரன்று. அதில் பல குலங்கள் உண்டு. நம் நாட்டில் வழங்கும் டாட் 3, டாட் 4 பிரேக் எண்ணெய்கள் கிளைகால் வகையைச் சேர்ந்தவை. பெட்ரோலியத்திலிருந்து இறக்கிய கனிம எண்ணெய்கள் அல்ல. இயற்கை ரப்பர், எஸ்.பி.ஆர்., ஈ.பி.டி.எம். என்னும் இனங்கள் இந்தக் கிளைகாலோடு ஒத்து வாழும். ஆனால் கனிம எண்ணெயில் பருத்துக் கெடும். நைட்ரைல் என்னும் இனம் இதற்கு நேர்மாறு. எஞ்சின் எண்ணெயிலும் பெட்ரோலிலும் அது நன்கு உழைக்கும்; பிரேக் எண்ணெயில் உருக்குலையும். எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் சீல்கள் பெரும்பாலும் நைட்ரைலால் ஆனவை. அந்தச் சரக்கையே பிரேக் கப்பின் அச்சிலும் ஊற்றிவிட்டால் வடிவம் அப்படியே வந்துவிடும். கண்ணுக்கு வேற்றுமை தெரியாது.

அன்றிரவு கோவையில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் என் பெரியப்பாவுக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். 'கண்ணு, உருவத்த யாரு வேணும்னாலும் கொண்டாந்துருவாங்க. மாதிரிய என்ர கையில குடு, நாளைக்கே நூறு கடஞ்சு தாரேன். ஆனா அது என்ன இரும்பு, எத்தன சூட்டுல பதம் போட்டாங்க, அதெல்லாம் மாதிரியில எழுதியா வெச்சிருக்குது? இன்னொண்ணும் கேட்டுக்க. நீ கொண்டாற மாதிரியே தேஞ்சு போனதுதான். நான் அந்தத் தேய்மானத்தையும் சேத்துக் கடஞ்சு போடுவேன்' என்றார்.

மாற்றுப் பாகங்களின் நோய்கள் எல்லாவற்றுக்கும் மூலம் இந்தப் பேச்சில் இருக்கின்றது. மூலப் பாகத்துக்கு வரைபடம் உண்டு. அதில் அளவு மட்டுமன்று, பொருள், கடினம், பூச்சு, எவ்வளவு பிழை பொறுக்கப்படும் என்ற எல்லை, எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். அம்பாசிடர் 1958 முதல் 2014 வரை உற்பத்தியானது. 2014 மே மாதத்தில் உத்தரபாரா ஆலையில் வேலை நின்றது. வண்டி செய்வோர் நின்றபின் பாகம் செய்வோரைத் தட்டிக் கேட்கும் பெரிய வாடிக்கையாளர் இல்லை. வரைபடம் இல்லாதவர் ஒரு பழைய பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அளந்து செய்கிறார். அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. கண் காணும் அளவுக்கு அவர் நேர்மையாகவே செய்திருப்பார். கண் காணாத பகுதி விட்டுப் போகின்றது. ஆகவே ஒரு பாகத்தை வாங்குமுன், 'இது என்ன வேலை செய்கின்றது? எதனால் சாகும்?' என்று கேட்டு, அந்தச் சாவுக்கு உரிய சோதனையை நாமே வைத்துப் பார்க்க வேண்டும். பெட்டியைப் பார்ப்பது, பளபளப்பைப் பார்ப்பது, விலையைப் பார்ப்பது மூன்றும் பயனற்றவை. விலை மிக்கதும் போலியாக இருக்கலாம்.

நிற்க. கடையில் கிடைப்பவை எத்தகையவை என்று சிறிது அறிந்துகொள்வோம். கார்த் தொழிற்சாலைக்கே பாகம் வழங்கிய நிறுவனம் தன் பெயரில் விற்பது ஒரு வகை. மின்சாரப் பாகங்களில் 1961ஆம் ஆண்டு சென்னையில் தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். இத்தகையது. தொழிற்சாலையோடு தொடர்பில்லாத பிறர் தம் பெயரில் நேர்மையாகச் செய்து விற்பது இன்னொரு வகை. இதில் மிக நல்லதும் உண்டு, மிகக் கெட்டதும் உண்டு. பெரிய நிறுவனத்தின் பெயரைத் திருடி அச்சிட்ட போலி வேறு. பழைய வண்டிகளை உடைத்து எடுத்தவை மல்லிக் பஜாரிலும் புதுப்பேட்டையிலும் குவிந்து கிடக்கின்றன. கடைசியாக, யாரோ ஒரு வணிகர் வீட்டுப் பரணில் 40 ஆண்டு உறங்கிய, பிரிக்கப்படாத மூலப் பாகம். பழைய கார்ப் பித்தர்கள் இதைக் கண்டால் புதையல் கண்டதுபோல் துள்ளுவர்.

இந்தப் புதையலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இரும்பும் பித்தளையுமாயின் துள்ளலாம். அவற்றுக்குப் பரண் வாழ்வால் பெருங்கேடில்லை, துரு ஏறாமல் இருந்தால் போதும். ரப்பராயின் துள்ள வேண்டா. காற்றிலுள்ள ஓசோன் இயற்கை ரப்பரையும் எஸ்.பி.ஆரையும் நைட்ரைலையும் மெல்ல மெல்ல வெட்டும். பயன்படுத்தாமல் பெட்டியில் இருந்தாலும் வயது ஏறத்தான் செய்யும். அவற்றின் மூலக்கூறுத் தொடரில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் தாக்குகின்றது என்பது வேதியியல் நண்பர்களுக்குத் தெரிந்ததே. ஈ.பி.டி.எம். தொடரின் முதுகெலும்பில் அந்தப் பிணைப்பு இல்லை. அதனால் அது நெடுநாள் தாங்கும். சோதனை எளிது. பாகத்தை விரலின்மேல் வளைத்து, வளைந்த இடத்தைப் பூதக் கண்ணாடியால் பாருங்கள். வறண்ட குளத்துத் தரைபோல் நுண்ணிய வெடிப்புத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டயர் வாங்கும்பொழுது பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருப்பதைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்த டயர் என்று பொருள்.

இனி, நான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை. பிரேக் கப்பின் குறுக்களவை வெர்னியர் அளவியால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில் புதிய பிரேக் எண்ணெய் ஊற்றி, கப்பை அதில் அமிழ்த்தி, ஆய்வகத்து அடுப்பில் 70 பாகைச் சூட்டில் மூன்று நாள் வைக்க வேண்டும். பிறகு எடுத்துத் துடைத்து மீண்டும் அளக்க வேண்டும். சற்றே பருப்பது இயல்பு. மலிவுக் கிட்டில் மிச்சமிருந்த கப்பையும் விலை மிக்க கிட்டின் கப்பையும் ஒரே சீசாவில் போட்டேன். ஒன்று ஏறக்குறைய போட்டபடியே வந்தது. மற்றது சிலிண்டருக்குள் நுழையவே மறுத்தது. இரண்டையும் பேராசிரியரின் மேசைமேல் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, இதுதான் விடை என்பதுபோல் தலையசைத்தார்.

அடுப்பில்லாதவர்க்கு இன்னும் எளிய வழி உண்டு. கப்பிலிருந்து ஒரு துணுக்கை நறுக்கி எஞ்சின் எண்ணெயில் சில நாள் போட்டு வைக்க வேண்டும். அது பருத்தால் பிரேக்குக்கு ஏற்றது. பருக்காமல் கல்போல் இருந்தால் நைட்ரைல், பிரேக்குக்கு ஆகாது. எண்ணெயைக் கண்டு அஞ்சும் ரப்பரே பிரேக்குக்கு நண்பன் என்று நினைவில் கொள்ளலாம். இதனாலேயே கப்புகளைப் பொருத்தும்பொழுது சாதாரண கிரீஸ் தடவலாகாது. பிரேக் எண்ணெயே தடவலாம். இல்லையேல் ரப்பருக்கென்றே செய்த சிவப்புக் கிரீஸ் தடவலாம்.

பெட்ரோல் குழாய்க்கு விதி வேறு. 2023ஆம் ஆண்டு முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக நம் நாட்டுப் பம்புகளுக்கு வந்துவிட்டது. பழைய கார்களை வடித்தவர்கள் இதைக் கனவிலும் கருதியதில்லை. அக்காலத்து ரப்பர்க் குழாய் எத்தனாலில் ஊறி மென்மையடைந்து, பிறகு உலரும்பொழுது வெடிக்கின்றது. சில கார்களின் தொட்டியிலும் கார்புரேட்டரிலும் அரக்குப் பூசிய தக்கை மிதவைகள் உண்டு. அரக்கோ எத்தனாலில் கரையும் பொருள். பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் ஜவ்வுத் தகடு இன்னும் ஆபத்தானது. எஞ்சினோடு ஒட்டி, அதன் ஓட்டத்தால் இயங்கும் பம்பாயின், தகடு கிழிந்ததும் பெட்ரோல் எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் நீர்த்து, பேரிங்குகள் தேய்ந்து போன பின்னரே நமக்குச் செய்தி தெரியும். வாரம் ஒருமுறை அளவுக் கோலை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியை எடுக்க வேண்டா. குழாய் வாங்கும்பொழுது அதன்மேல் அச்சிட்ட எழுத்துகளைப் படியுங்கள். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற குறியுடைய குழாய், ஆர்6 குறியுடையதைவிட மேலானது. ஒரு குறியும் இல்லாத குழாய் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச உதவும்.

மின்சாரப் பாகங்களின் குற்றம் வேறு விதமானது. அவை கடையில் நன்றாக இருக்கும், பொருத்தியதும் நன்றாக இருக்கும், அரைமணி நேரம் ஓடிச் சூடேறியதும் மடியும். ஆறியதும் மீண்டும் உயிர் பெறும். இதனால் பட்டறைக்கு இழுத்துச் செல்வதற்குள் நோய் மறைந்து, மிஸ்திரி நம்மைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். பெரும்பாலும் குற்றவாளிகள் இருவர். ஒன்று, டிஸ்ட்ரிபியூட்டரில் சுழலும் ரோட்டர். அதன் பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பொருத்தியிருப்பர். மட்டமான ரோட்டரில் ரிவெட்டின் வால் கீழேயுள்ள தண்டுக்கு மிக அருகே இறங்கிவிடும். இடையிலுள்ள பிளாஸ்டிக்கும் மட்டமாயின், பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் அதைத் துளைத்துக்கொண்டு தண்டுக்குப் பாயும், பிளக்குக்குப் போகாது. ரிவெட் இல்லாத ரோட்டர்கள் கிடைக்கின்றன; அவற்றையே வாங்குங்கள். மற்றவன் கண்டென்சர். லூகாஸ் வகைக்கு அதன் மதிப்பு ஏறத்தாழ 0.2 மைக்ரோஃபாரடு. குளிர்ந்த நிலையில் அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். தலைமயிர் உலர்த்தும் கருவியால் நன்கு சூடாக்கி, 500 வோல்ட் மெக்கர் வைத்துக் கசிவைப் பாருங்கள். எங்கள் ஆய்வகத்தில் நான்கை இவ்வாறு சோதித்தோம். பெட்டியிலிருந்து புதிதாக எடுத்த ஒன்று சூட்டில் கசிந்தது. அதற்கு ஈடாக, 1980களில் செய்த பழையது ஒன்று உறுதியாக நின்றது. பாயிண்டு இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைக்காமல் கண்டென்சரைப் பழிப்பதும் முறையன்று.

இரும்புப் பாகங்களுக்கு வருவோம். முன் சக்கரங்கள் திரும்பும் மூட்டுகளிலுள்ள பின்கள் மேற்பரப்பில் மட்டும் கடினப்படுத்தப்பட்டவை. உள்ளே மென்மை, அதிர்ச்சி தாங்குவதற்காக. நகல் செய்வோர் இந்தப் பதத்தை விட்டுவிடுவர் அல்லது அரைகுறையாகச் செய்வர். சோதிக்க நல்ல அரம் ஒன்று போதும். பின்னில் உராயாத ஓர் ஓரத்தில் அரத்தை மெல்ல இழுங்கள். கண்ணாடியில் இழுத்ததுபோல் வழுக்கினால் பதம் உண்டு. கடித்துப் பொடி உதிர்த்தால் ஆறே மாதத்தில் சக்கரம் ஆடும். கடைக்காரர் அரத்தைக் கண்டதும் முகம் சுளிப்பார். நான் இரண்டு வாங்குவதாகச் சொல்லி ஒன்றைத் தேய்த்துப் பார்க்க அனுமதி பெறுவது வழக்கம். வெண்கலப் புஷ் என்று விற்பதற்குக் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. சில புஷ்கள் இரும்பு முதுகோடு செய்யப்படுவதே முறை என்பதால், கழற்றிய மூலப் புஷ்ஷையும் உடன் கொண்டு செல்ல வேண்டும்.

போல்ட்டில் பலர் ஏமாறுவர். அம்பாசிடர் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழி வந்தது. அதன் திருகுகள் பெரும்பாலும் அங்குலக் கணக்கிலுள்ள யு.என்.எஃப். வகை. கால் அங்குல போல்ட்டுக்கு 6.35 மில்லிமீட்டர் தடிப்பும் அங்குலத்துக்கு 28 புரியும் உண்டு. அதனினும் பழைய பி.எஸ்.எஃப். வகையில் கால் அங்குலத்துக்கு 26 புரி. இன்று எங்கும் கிடைப்பதோ மெட்ரிக் 6 மில்லிமீட்டர். அவசரக்கார மிஸ்திரி அதைத் திணித்து முறுக்குவார். சில புரிகள் மட்டும் பற்றும், அதிர்வில் கழன்று விழும். போல்ட்டின் தலையையும் படிக்கலாம். 8.8 என்றிருந்தால் இழுவலிமை ஏறத்தாழ 800 மெகாபாஸ்கல், அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை நிலைத்த நீட்சி இல்லை. அங்குல போல்ட்டில் மூன்று கோடுகள் ஐந்தாம் தரம், ஆறு கோடுகள் எட்டாம் தரம். தலையில் ஒன்றுமே இல்லாத போல்ட்டை எண் தகடு மாட்டப் பயன்படுத்துங்கள், ஸ்டியரிங்கில் வேண்டா.

இதற்கு மாறாக, பேரிங்கில் பழைய காருக்கென்று தனிப் பெட்டி தேடுவதே வீண் செலவு. உலகெங்கும் பேரிங்குகளின் எண் ஒன்றே. 6205 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள். உள்துளை 25 மில்லிமீட்டர். வெளி விட்டம் 52, அகலம் 15. கழற்றிய பேரிங்கின் எண்ணைப் படித்து, அதே எண்ணில் புகழ் பெற்ற நிறுவனத்ததை வாங்கிவிடலாம். ஆனால் புகழ் பெற்ற பெயருக்குத்தான் போலியும் மிகுதி. எஸ்.கே.எஃப். நிறுவனம் தன் பேரிங்கின் படத்தை அனுப்பிச் சரிபார்க்கச் செயலி ஒன்றே வைத்திருக்கின்றது. பாகத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதனடியிலுள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் செயலியில் தட்டிப் பார்க்கலாம். முத்திரை அச்சிடுவது எளிது. எண்ணைப் பொருத்தமாகப் பொய் சொல்வது அவ்வளவு எளிதன்று.

தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது விடுதி அறைக்கே ஏற்ற விளையாட்டு. அதன் விளிம்பில் 82 போன்ற எண் பொறித்திருக்கும். அந்தப் பாகைச் சூட்டில் வாய் திறக்கத் தொடங்க வேண்டும். தேநீர்ப் பாத்திரத்தில் நீர் நிரப்பி, அடியைத் தொடாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியும் இட்டுக் கொதிக்க வையுங்கள். கொதிக்கும் வரை திறக்காதது உங்கள் எஞ்சினைப் பாழாக்கும். ஆறியபின் முழுதும் மூடிக்கொள்கின்றதா என்றும் பாருங்கள். அப்பாத்திரத்தில் மறுபடி தேநீர் வைக்க அறைத் தோழர் சம்மதிப்பாரா என்பது வேறு.

பிஸ்டன் வாங்குவோர் நான்கையும் தராசில் நிறுத்து, சில கிராமுக்கு மேல் வேறுபடாதவாறு பார்த்துக்கொள்க. மேலே பொறித்த 020, 030 என்பன மூல அளவைவிட எத்தனை 'தௌ', அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு, கூடுதல் என்பதைக் காட்டும். எழுத்தை நம்பாமல் மைக்ரோமீட்டரால் அளந்த பின்னரே சிலிண்டரைக் கடையக் கொடுக்க வேண்டும். குரோமியப் பட்டைகள், விளக்கு வளையங்கள் முதலியவற்றைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவை கெட்டால் அழகு கெடும், ஆள் கெடமாட்டான்.

பிரேக் பட்டைகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட இயலாது. பழைய பட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூள் நுரையீரலில் புகுந்தால் பல்லாண்டு கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும். பட்டறைகளில் காற்றுக் குழாயால் டிரம்மை ஊதிச் சுத்தம் செய்யும் வழக்கம் உண்டு. பக்கத்தில் சிறு பையன்கள் நின்றுகொண்டிருப்பர். ஊதவேண்டா. ஈரத் துணியால் துடைத்து, துணியை மூடிய பையிலிட்டுக் கழித்துவிடுங்கள். புதிய பட்டை வாங்கும்பொழுது கல்நார் இல்லாதது என்று அதன்மேல் எழுதியிருக்கின்றதா என்று பாருங்கள்.

இவற்றையெல்லாம் கற்ற பிறகு ஒருநாள், சீசாவில் பருத்த கப்புடன் அதே கடைக்குச் சென்றேன். சண்டைக்கு வந்தேன் என்று கடைக்காரர் முதலில் எண்ணினார். சீசாவை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'பாபு, எனக்கும் பெட்டியில்தான் வருகின்றது. எவன் செய்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்?' என்றார். அவர் சொன்னது பொய்யென்று எனக்குத் தோன்றவில்லை. எண்ணெயில் துணுக்குப் போடும் சோதனையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். எங்களுடன் வந்திருந்த மிஸ்திரி ஒரு கப்பை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், இரண்டின் வாடையும் வேறு என்று அப்பொழுதுதான் சொன்னார். முன்பே அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாடை என்று சொன்னால் நான் சிரிப்பேன் என்று அடக்கிக்கொண்டாராம்.

அடுத்த மாதம் சென்றபொழுது அந்த வண்ணப் பெட்டிகள் அலமாரியில் இன்னும் இருந்தன. முன் வரிசையிலிருந்து பின் வரிசைக்குப் போயிருந்தன. மேசையடியில் சிறிய கண்ணாடிச் சீசா ஒன்றில் எண்ணெயும், அதில் இரண்டு கறுப்புத் துணுக்குகளும் கிடந்தன.